படையுதவியும் பிரசாவுரிமையும்: போர்க்கால இராஜதந்திரத்தில் மலையக மக்கள்

1987ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதி கொழும்பில் கைச்சாத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தத்தைப் பற்றி எழுதியோர் பலர். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பு, ஆயுத ஒப்படைப்பு, இந்திய அமைதி காக்கும் படையின் வருகை ஆகியனவே அவர்களின் கவனத்தைக் கவர்ந்தன. அவ்வொப்பந்தத்தின் 2.16ஆம் பிரிவில் அடுத்தடுத்து அமைந்த இரு உட்பிரிவுகளை நோக்கினோர் குறைவு. அவற்றுள் ஒன்று, இலங்கை அரசாங்கம் கேட்குமிடத்து இந்தியா இராணுவ உதவி வழங்கும் என்கிறது. அதனையடுத்து வருவது, இலங்கையில் வாழும் இந்தியப் பிரசைகளைத் தாயகத்துக்குத் திருப்பியழைக்கும் பணியை இந்தியா விரைவுபடுத்தும் என்கிறது. தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் திரும்பி வருவதும் இவர்கள் திரும்பிச் செல்வதும் ஒருங்கே நடைபெறவேண்டும் என்பதும் அதன் ஏற்பாடு.

"இந்தியப் பிரசைகள்" என இங்குச் சுட்டப்பட்டோர் யாவர்? அவர்களுட் பெரும்பாலோர் அட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் தோட்ட லயன்களிற் பிறந்து, அம்மலைகளிலேயே கொழுந்து பறித்து வாழ்ந்தோர். வடக்கில் நிகழ்ந்த போரில் அவர்கள் ஒரு தரப்பினரல்லர். எனினும் அப்போரை முடிப்பதற்கென எழுதப்பட்ட ஒப்பந்தத்தில், படையுதவிக்கு அடுத்த வரியில் அவர்களது பயணம் இடம்பெற்றுவிட்டது. இது தற்செயலான நிகழ்ச்சியா, அன்றி ஒரு நீண்ட வரலாற்றின் தொடர்ச்சியா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாக்குரிமை இழந்த பின்னணி

சுதந்திரத்துக்கு முந்திய 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வெற்றி பெற்றது. நுவரெலியாவிற் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையிற் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணை நின்றன. இதனைக் கண்டு அஞ்சிய டி. எஸ். சேனநாயக்கா அரசாங்கம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தையும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய - பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தையும், அதே ஆண்டிலே தேர்தற் சட்டத் திருத்தத்தையும் நிறைவேற்றியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதியாக எவரும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை.

வாக்கற்ற மக்களுக்கு உள்நாட்டு அரசியலில் இடமில்லை. உள்நாட்டில் இடமிழந்த பிரச்சினை வெளிநாட்டலுவல் அமைச்சுகளின் கோவைகளுக்குட் புகுந்தது. அன்று தொட்டு மலையக மக்களின் எதிர்காலம் கொழும்புக்கும் புதுடில்லிக்கும் இடைப்பட்ட பேச்சுவார்த்தைப் பொருளாயிற்று. இரு அரசுகள் பேசும்போது அவற்றின் உடனடித் தேவைகளே முன்னிற்கும். அத்தேவைகளுள் தலையாயது பாதுகாப்பு. எனவே தெற்காசியாவிற் போர் மூண்ட ஒவ்வொரு வேளையிலும் மலையக மக்களின் நிலையிலும் ஒரு மாற்றம் நேர்ந்ததில் வியப்பில்லை.

இமயத்துப் போரும் இலங்கை ஒப்பந்தமும்

இலங்கையிற் குடியேறியோருள் இந்தியப் பிரசாவுரிமையை விரும்பி ஏற்காதோர் இலங்கையின் பொறுப்புக்கு உரியவரே என்பது நேருவின் நிலைப்பாடாக இருந்தது. 1954ஆம் ஆண்டு சேர் ஜோன் கொத்தலாவலையுடன் உடன்படிக்கை செய்தபோதும் அவர் இக்கருத்தை விட்டுக்கொடுத்தாரல்லர். பத்தாண்டுகளுக்குள் இந்நிலை எவ்வாறு மாறிற்று?

1962ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்திய - சீன எல்லைப் போர் மூண்டது. இந்தியா தோல்வி கண்டு, அமெரிக்காவிடமும் பிரித்தானியாவிடமும் படைக்கல உதவி கோரவேண்டிய நிலைக்கு வந்தது. அவ்வேளையில் அணிசேரா நாடுகள் பலவும் வெளிப்படையாக இந்தியாவின் பக்கம் சாரவில்லை. அவ்வாண்டு திசெம்பரில் இலங்கை, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகிய ஆறு நாடுகளின் மாநாட்டைப் பிரதமர் சிறீமாவோ பண்டாரநாயக்கா கொழும்பிற் கூட்டினார். 1963 சனவரியிற் பீக்கிங்குக்கும் புதுடில்லிக்கும் சென்று சமரச யோசனைகளை அவரே எடுத்துரைத்தார். சிறிய தீவொன்றின் பிரதமர் இரு பெரும் நாடுகளுக்கிடையே நடுவராக நின்ற காலம் அது. அதே ஆண்டு மார்ச்சில் சீனாவும் பாகிஸ்தானும் தமக்குள் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டன. தெற்கே இருந்த அயலவரின் நட்பு இந்தியாவுக்கு முன்னெப்போதையும் விட இன்றியமையாததாயிற்று.

1964 மே மாதம் நேரு மறைந்தார். அவருக்குப் பின் வந்த லால் பகதூர் சாஸ்திரி, அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறீமாவோ பண்டாரநாயக்காவுடன் ஒப்பந்தம் செய்தார். 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்ட நாடற்றோருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசப்படும் என்பது ஏற்பாடு. இந்தியா எழுவரை ஏற்கும்போது இலங்கை நால்வருக்கு உரிமை வழங்கும் என்னும் விகிதக் கணக்கும் இதிலிருந்தே எழுந்தது.

சீனப் போரைப் பற்றி இவ்வொப்பந்தத்தின் வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை. நேருவின் நிலைப்பாட்டை விட்டு இந்தியா விலகியமைக்குப் புதிய தலைமையின் மனப்போக்கும் ஒரு காரணமாகலாம். ஆயினும் போருக்குப் பின் அயலவரைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளவேண்டிய தேவை இந்தியாவுக்கு இருந்திராவிடின், இத்துணை விரைவில் இத்துணைப் பெரிய தொகையை அது ஏற்றிருக்குமா என்பது சிந்தித்தற்குரியது. அத்தொகையுள் அடங்கிய எவரது விருப்பமும் முன்கூட்டிக் கேட்கப்படவில்லை. எண்கள் முதலில் முடிவாயின. அவ்வெண்களை நிரப்பும் மனிதர் பின்னர் தேடப்பட்டனர்.

1971: உதவியின் பெருக்கும் ஐயத்தின் பெருக்கும்

1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தது. அதனை அடக்குவதற்கு இலங்கைக்கு வந்த உதவியைப் போன்று பல திசைகளிலிருந்தும் ஒருங்கே உதவி வந்தமை உலக வரலாற்றில் அரிது. இந்தியா ஹெலிகொப்டர்களையும் போர்க்கப்பல்களையும் அனுப்பியது. பாகிஸ்தானும் ஹெலிகொப்டர்களை வழங்கிற்று. பிரித்தானியாவும் அமெரிக்காவும் யூகோஸ்லாவியாவும் உதவின. சோவியத் நாடு மிக் விமானங்களைத் தந்தது. சீனா வட்டியில்லாக் கடன் வழங்கியது. ஒன்றையொன்று பகைத்த நாடுகள் யாவும் ஓர் அரசாங்கத்தைக் காப்பதில் ஒன்றுபட்டு நின்றன.

இந்நிகழ்ச்சிக்கும் மலையகத்துக்கும் உள்ள தொடர்பு வேறொரு வழியில் அமைந்தது. மக்கள் விடுதலை முன்னணி தன் உறுப்பினருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று "இந்திய விஸ்தரிப்புவாதம்" பற்றியதாகும். அவ்வகுப்பிலே தோட்டத் தொழிலாளர் இந்திய முதலாளித்துவத்தின் செல்வாக்குக்கு ஒரு கருவியாகக் காட்டப்பட்டனர். நாட்கூலிக்குக் கொழுந்து பறித்த பெண்ணொருத்தி, தான் ஒருநாளும் கண்டிராத ஒரு வல்லரசின் முன்னணிப் படையாகக் கருதப்பட்டாள். அரசாங்கத்தைக் காக்க வந்தவை இந்திய ஹெலிகொப்டர்கள். அந்நியரென ஐயுறப்பட்டவரோ மலையகத் தொழிலாளர்.

அவ்வாண்டின் இறுதியில் வங்கதேசப் போர் நிகழ்ந்தது. போரில் வென்ற இந்தியாவுடன் இலங்கை தன் கணக்குகளைத் தீர்த்துக்கொள்ள விழைந்தது. 1974 சனவரியில், 1964இல் எஞ்சவிடப்பட்ட 1,50,000 பேர் இரு நாடுகளுக்குமிடையே ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அதே ஆண்டு யூனில் நிகழ்ந்த கடலெல்லை உடன்படிக்கையின்படி கச்சதீவு இலங்கையின் பக்கம் அமைந்தது. மக்களும் தீவும் ஒரே ஆண்டின் கணக்கில் வரவு செலவாயினர். அக்காலத்தில் தோட்டங்களிற் பஞ்சம் நிலவியது. பசி பலரைத் தலைமன்னார்க் கப்பலுக்குத் துரத்தியது. அட்டன் புகையிரத நிலையத்திற் பிரியாவிடை கூறி அழுத குடும்பங்கள் பல. சென்றோருட் சிலருக்கு நீலகிரியில் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் அதே தொழில் கிடைத்தது.

யூலைக்குப் பின்: ஆயுதமும் தூதுவரும்

1983 யூலைக் கலவரத்தில் நுவரெலியா நகரும் தீக்கிரையானது. அதனைத் தொடர்ந்து வடக்கில் முழுமையான போர் எழுந்தது. இப்போரைச் சூழ வெளிநாடுகள் மேற்கொண்ட செயல்களை இரு கூறாகப் பிரித்து நோக்கலாம்.

முதற்கூறு படையுதவி. பாகிஸ்தான் இலங்கைப் படையினருக்குப் பயிற்சியளித்தது. சீனாவிலிருந்து துப்பாக்கிகளும் சுற்றுக்காவற் படகுகளும் வந்தன. 1970இல் துண்டிக்கப்பட்ட இஸ்ரேலிய உறவு, 1984இல் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தினுள் இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவொன்று திறக்கப்பட்டதன் மூலம் மீண்டும் தளிர்த்தது. பிரித்தானியாவின் கீனி மீனி சேர்விசஸ் என்னும் தனியார் நிறுவனம் விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தது. மறுபுறத்தில், இந்தியா தமிழ் இயக்கங்களுக்குத் தன் மண்ணிற் பயிற்சி முகாம்கள் அமைத்துக் கொடுத்தது.

இரண்டாவது கூறு இராஜதந்திரம். பி. வி. நரசிம்ம ராவ் கலவர நாட்களிலேயே கொழும்புக்கு வந்தார். ஜி. பார்த்தசாரதி சிறப்புத் தூதுவராகப் பலமுறை வந்து சென்றார். 1984ஆம் ஆண்டு சர்வகட்சி மாநாடு கூடியது. அதில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் பங்குபற்றியது. 1985 யூனிற் போர்நிறுத்தமும், யூலை, ஓகஸ்ட் மாதங்களிற் பூட்டான் தலைநகர் திம்புவிற் பேச்சுவார்த்தையும் நிகழ்ந்தன.

திம்புவிலே தமிழர் தரப்பு நான்கு கோட்பாடுகளை முன்வைத்தது. தேசிய இனம், தாயகம், சுயநிர்ணய உரிமை என்பன முதல் மூன்று. இலங்கையைத் தம் நாடாகக் கொண்ட தமிழர் அனைவருக்கும் பிரசாவுரிமையும் அடிப்படை உரிமைகளும் வேண்டும் என்பது நான்காவது. மலையக மக்களை முதன்மையாகக் கருதியே இந்நான்காம் கோட்பாடு வகுக்கப்பட்டது. ஹெக்டர் ஜயவர்த்தனா தலைமையிலான அரசாங்கக் குழு முதல் மூன்றையும் ஏற்க மறுத்தது, பேச்சு முறிந்தது. மலையக மக்களின் உரிமை பேசப்பட்ட அம்மேசையிலே தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஐந்து இயக்கங்களும் அமர்ந்திருந்தன. தோட்டத் தொழிலாளரின் சங்கம் எதுவும் அங்கில்லை.

இவ்விடத்துத் தேயிலையைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். ஆயுதங்களை ரூபாவால் வாங்க இயலாது. அந்நியச் செலாவணி வேண்டும். உலகச் சந்தையில் தேயிலை விலை உயர்ந்த 1984ஆம் ஆண்டில், நாட்டின் ஏற்றுமதி வருவாயில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் தேயிலையாற் கிடைத்தது. அத்தேயிலையின் பெரும் வாடிக்கையாளர் மேற்காசிய நாடுகள். இஸ்ரேலுடன் உறவாடிய அரசாங்கம் அரபு நாடுகளுக்குத் தேயிலை விற்றே செலாவணி ஈட்டவேண்டியிருந்தது. போர் நீள நீள, கொழுந்து பறிக்கும் கைகளின் பெறுமதியும் உயர்ந்தது. அப்பெறுமதியை அரசாங்கம் உணர்ந்ததோ இல்லையோ, தொழிலாளர் உணர்ந்திருந்தனர். 1984 ஏப்ரலில் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தத்தின் மூலம் தோட்டப் பெண்கள் ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளத்தைப் பெற்றமை இதற்குச் சான்றாகும்.

1986 தைப்பொங்கல்

இத்தகைய சூழலிலே 1986 சனவரி 14ஆம் திகதி, தைப்பொங்கல் நாளில், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனை இயக்கமொன்றைத் தொடங்கியது. அமைச்சராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் ஒருங்கே விளங்கிய தொண்டமான் இதற்கு அழைப்பு விடுத்தார். தொழிலாளர் காலை வேளையில் மலைக்குச் செல்லாது வழிபாட்டில் அமர்வர். நாட்டில் அமைதி நிலவவேண்டும், நாடற்றோர் பிரச்சினை தீரவேண்டும் என்பன அவர்தம் வேண்டுதல்கள். மூன்று மாதம் நீடிக்கவிருந்த இயக்கம் அது. அவசரகாலச் சட்டம் நடைமுறையிலிருந்த நாட்டில் வேலைநிறுத்தத்தைத் தடுத்தல் எளிது. பிரார்த்தனையைத் தடுத்தல் எளிதன்று. வேண்டுதல் தெய்வத்திடம் சென்றதாயினும் அதன் ஓசை கொழும்பிற் கேட்டது.

சில நாட்களுள் அரசாங்கம் இணங்கியது. 1964, 1974 ஒப்பந்தங்களின்படி இந்தியா ஏற்கவேண்டியோர் 6,00,000 பேர். அவர்களுள் இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தோர் 5,06,000 பேரே. எஞ்சிய 94,000 பேருக்கு இலங்கையே பிரசாவுரிமை வழங்கும் என முடிவாயிற்று. 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதனை உறுதிப்படுத்தியது. முன்னர் ஏற்றுக்கொண்ட 3,75,000 பேரையும் சேர்த்து இலங்கையின் பங்கு 4,69,000 ஆக உயர்ந்தது.

இவ்வெற்றிக்குக் காரணம் யாது? இந்தியாவின் அழுத்தமே காரணம் என்பர் ஒரு சாரார். திம்புவின் பின் புதுடில்லியுடன் பேச்சைத் தொடரவேண்டியிருந்த ஜயவர்த்தனா அரசாங்கம், தன்னால் இயலும் ஒன்றையேனும் செய்து காட்ட விரும்பியதென்பது உண்மை. மலையகத்தை வடக்கின் போராட்டத்திலிருந்து பிரித்து வைக்கும் உபாயமே காரணம் என்பர் வேறொரு சாரார். 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுக் கோரிக்கை எழுந்தபோது தொண்டமான் அதனின்று ஒதுங்கிக்கொண்டமையால் இக்கருத்திலும் உண்மையுண்டு. ஆயின் இவ்விரு காரணங்களும் 1985இலும் இருந்தன. அவ்வாண்டில் எதுவும் நிகழவில்லை. 1986 சனவரியிற் புதிதாகச் சேர்ந்தது ஒன்றே: தொழிலாளர் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்தனர். வெளிநாட்டு அழுத்தம் கதவைச் சிறிது திறந்து வைத்தது. அக்கதவைத் தள்ளியவர் தோட்டத்து மக்கள்.

ஒப்பந்தத்தின் நிழலில் எஞ்சியோர்

இவ்வெற்றி முழுமையானதன்று. 1984இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பற் சேவை போரின் காரணமாக நின்றுபோயிற்று. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் செல்லவியலாதோர் தோட்டங்களிலேயே தங்கினர். அவர்களையே 1987ஆம் ஆண்டு ஒப்பந்தம் "இந்தியப் பிரசைகள்" என்றது. அவ்வொப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இந்தியா தன் பாதுகாப்புக் கவலைகளைத் தெளிவாகப் பதிவு செய்துகொண்டது. வெளிநாட்டு இராணுவ, உளவுத்துறையினர், திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், வெளிநாட்டு ஒலிபரப்பு ஆகிய யாவும் அவற்றுள் இடம்பெற்றன. தோட்டத்து மக்களைப் பற்றிய வரியோ அவர்களை அனுப்பும் வேகத்தை மட்டுமே கூறியது. ஒப்பந்தத்தின் படையுதவிப் பிரிவு உடனே நிறைவேறியது. அதன் விளைவாக வடக்கு, கிழக்கில் நிகழ்ந்த இழப்புகள் யாவரும் அறிந்தவை. அதற்கு அடுத்த பிரிவு நிறைவேறாமலே கிடந்தது.

1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலையிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் சென்று குடியேறிய குடும்பங்களின் கதை இன்னும் துயரமானது. போரை விட்டு விலகி நின்றது மலையகம் என்பது வழக்கமான கூற்று. வன்னியிற் குடியேறிய மலையக மக்கள் 2009 மே மாதம் வரை போரின் நடுவே வாழ்ந்து மடிந்தனர் என்பதை அக்கூற்று மறைத்துவிடுகிறது. அவர்களுட் சிலர் கடல் கடந்து தமிழ்நாட்டு அகதி முகாம்களை அடைந்தனர். மூதாதையரின் நாட்டிலே அந்நியராகப் பதிவு பெற்ற அவர்களுட் பலருக்கு இந்தியப் பிரசாவுரிமை இன்றும் எட்டாத கனியாகவே உள்ளது.

எஞ்சிய சிக்கல்களைத் தீர்த்த சட்டங்களும் இராஜதந்திரப் பருவங்களை ஒட்டியே வந்தன. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் ஜனாதிபதித் தேர்தலுக்குச் சற்று முன்னர், இந்தியப் படை வடக்கில் நின்ற வேளையில் நிறைவேறியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், நோர்வேயின் அனுசரணையுடன் 2002இல் ஏற்பட்ட போர்நிறுத்த காலத்தில், மலையகக் கட்சிகள் அரசாங்கத்தில் அங்கம் வகித்தபோது வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அச்சட்டம் உரிமை வழங்கியது. வெளியேற்றுவதற்கென எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் திகதியே, இறுதியில் உரித்துக்குரிய எல்லைக்கல்லாக மாறியமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் இரு உண்மைகள் புலனாகின்றன. போர்க்காலத்தில் அரசுகள் ஒன்றோடொன்று பேசும்போது, தமக்கெனக் குரலற்ற மக்கள் பேரப்பொருளாகி விடுகின்றனர். 1964இலும் 1974இலும் நிகழ்ந்தது இதுவே; 1987இலும் இதன் சாயலைக் காண்கிறோம். ஆயின் அதே போர்க்காலம் அரசுகளை நெருக்கடிக்குள்ளும் தள்ளுகிறது. அந்நெருக்கடியை இனங்கண்டு, தம் உழைப்பின் வலிமையால் அதனைப் பயன்படுத்தும் மக்கள், தாம் அமராத மேசையிலும் தம் விருப்பத்தை எழுதிவிட முடியும். 1986ஆம் ஆண்டுத் தைத்திங்கள் இதனை நிறுவியது.

2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட்டிலே தோட்டத்து மக்கள் முன் உரையாற்றி, மேலும் 10,000 வீடுகளை இந்தியா கட்டித்தரும் என அறிவித்தார். படையுதவியின் வரிக்கு அடுத்ததாகத் தம் பயணத்தைக் கண்ட மக்கள், வீட்டுதவியைப் பெறுவோராயினர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் வீடு நிற்கும் நிலத்தின் உறுதியும், அந்நாளின் சம்பளமும், பிள்ளைகளின் பாடசாலையும் புதுடில்லியிற் தீர்மானிக்கப்படுவனவல்ல. அவை இலங்கைப் பிரசைகளான மலையக மக்கள் தம் சொந்த நாட்டின் பாராளுமன்றத்திலும் பிரதேச சபைகளிலும் வாக்கால் வென்றெடுக்கவேண்டியவை. 1948இல் எந்த வாக்கைக் கண்டு ஓர் அரசாங்கம் அஞ்சியதோ, அந்த வாக்கு இன்று அவர்கள் கையில் மீண்டும் இருக்கிறது. ஐந்து தசாப்தங்களுக்கு மேல் ஒப்பந்தங்களின் பிற்சேர்க்கையாக வாழ்ந்தோர்க்கு அதன் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.